ஏபிகே பிரிக்கும் பென் டிரைவ் கருவிகள்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் மொபைல், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் சில காபி எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன சீசனில் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில், பறித்த பழத்தை எடை போடும் இடத்தில் நின்றிருந்தேன். ஆள் பெயருக்கு நேராகக் கிலோவையும் கூலியையும் பதிவது ஒரு மொபைல் ஆப். சாக்கை இறக்கி வைத்த ஓர் அம்மா போன் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல என் பாக்கி எங்க?"

பாக்கி அங்கேதான் இருந்தது. ஆனால் அதன் பெயர் 'சமநிலை' என்று இருந்தது. 'பேலன்ஸ்' என்ற சொல்லை எந்திரம் அப்படி மாற்றியிருக்கிறது. 'பறிப்பு' என்று இருக்க வேண்டிய பட்டனில் 'தேர்ந்தெடு'. கூலிக்காரர் தன் கணக்கைத் தானே வாசித்துச் சரிபார்க்க முடியவில்லை என்றால் அந்தத் திரையில் தமிழ் இருந்தும் பயனில்லை.

ஆப்பைச் செய்து கொடுத்தவர் சோர்ஸ் கோடு தரவில்லை. இப்போது போனும் எடுப்பதில்லை. ஆப் எஸ்டேட்டுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முதலாளி மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகுதான் அதன் ஏபிகேயை, அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைலை, பிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகக் கையில் இருக்கும் ஒரு புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயச் சில விலக்குகள் தருகிறது. அடுத்தவர் ஆப்பைப் பிரித்து மாற்றி ஊருக்குக் கொடுப்பதற்கான அனுமதி அது இல்லை. உங்கள் ஆப், அல்லது உரிமையாளர் எழுதித் தந்த ஆப், அல்லது உரிமம் இடம் கொடுக்கும் திறமூல ஆப் ஆகியவற்றுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம்.

ஒரு விஷயம். கட்டளைகளை ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். 'ஹைஃபன் எஸ்' என்றால் ஹைஃபன் குறி, அதை ஒட்டிச் சின்ன எஸ்.

பென் டிரைவில் என்ன இருக்க வேண்டும்

எஸ்டேட் கம்ப்யூட்டரில் அட்மின் பாஸ்வேர்டு இருக்காது. நெட் வரும், மழை வந்தால் போகும். ஒரு ஃபைல் குறைகிறது என்று 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற முடியாது. அதனால் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத கருவிகளை மட்டும் வைத்திருக்கிறேன்: ஏபிகேயைப் பிரித்து மறுபடி கட்ட ஏபிகேடூல் ஜார் (ஜார் என்றால் ஜாவா வைத்து ஓட்டும் ஃபைல்), துண்டுகளை ஒட்ட ஏபிகே எடிட்டர் ஜார், கையொப்பமிட ஊபர் ஏபிகே சைனர் ஜார், வெறுமனே பார்ப்பதற்கு ஜாடெக்ஸ், போனிலிருந்து எடுக்க ஆண்ட்ராய்டு பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஜிப் (கம்ப்யூட்டரிலிருந்து போனோடு பேசும் ஏடிபி இதில்தான் இருக்கிறது), நோட்பேட் பிளஸ் பிளஸின் போர்ட்டபிள் பதிப்பு, இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஜிப்பாகக் கிடைக்கும் டெமுரின் ஜாவா 17. 'ஆல் இன் ஒன் டீகம்பைலர் போர்ட்டபிள்' என்று ஒரே எக்ஸ்இ ஆகக் கிடைப்பவற்றை வைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது எப்போதோ வந்த பழைய ஏபிகேடூல்தான், கூட என்ன ஒட்டியிருக்கிறது என்றும் தெரியாது. ஒவ்வொன்றையும் அதைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே (பெரும்பாலும் கிட்ஹப்) இறக்குங்கள்.

ஜாரை டபுள் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது வின்ரார் திறக்கிறது

இரண்டும் கோளாறு இல்லை. ஏபிகேடூலுக்கு ஜன்னல் கிடையாது. கமாண்ட் பிராம்ப்ட்டில்தான் பேசும். ஜாரும் ஒரு ஜிப் என்பதால், அந்த வகை ஃபைலை வின்ரார் தன் பெயரில் பதிவு செய்துகொண்டிருக்கும்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் அடித்தும் 'ஜாவா என்ற கட்டளை தெரியவில்லை' என்று வந்தால் அந்த கம்ப்யூட்டரில் ஜாவா இல்லை, அல்லது பாத்தில் (விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) இல்லை. அதைத் தேடிக்கொண்டிருக்காமல் பென் டிரைவில் உள்ள ஜாவாவையே கூப்பிடும் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை எழுதி வைத்து ஓட்டும் ஃபைல்) எழுதிவிடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: 'இ' டிரைவ் என்று பேட்ச் ஃபைலில் எழுதியிருப்பார்கள், அடுத்த கம்ப்யூட்டரில் அது 'எஃப்' ஆகியிருக்கும். டிரைவ் எழுத்துக்குப் பதிலாக விழுக்காட்டுக் குறி, டில்டா, டி ('டிரைவ்' என்பதன் முதல் எழுத்து), பி ('பாத்' என்பதன் முதல் எழுத்து), சுழியம் ஆகிய ஐந்தையும் ஒட்டி எழுதுங்கள். 'இந்த பேட்ச் ஃபைல் எங்கே இருக்கிறதோ அந்த ஃபோல்டர்' என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அதன் பின்னால் ஜாவா ஃபோல்டர் பெயர், அதற்குள் இருக்கும் 'பின்' என்ற ஃபோல்டரின் பெயர், கடைசியில் ஜாவா எக்ஸ்இ. முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுவிட்டால் ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் பிரச்சினை இல்லை.

'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்று வந்தால் கூடவே ஓர் எண் வரும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் ஜாவா 11, 61 என்றால் ஜாவா 17. கருவி கேட்பது பெரிய எண், கம்ப்யூட்டரில் இருப்பது சின்ன எண். ஏபிகேடூலின் 2 வரிசைப் பதிப்புகள் ஜாவா 8-லேயே ஓடும். ஜாடெக்ஸுக்கு 11 வேண்டும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று ஓடி ஒன்று ஓடாததற்குக் காரணம் இதுதான்.

'ஹீப்புக்கு (ஜாவா தனக்கென எடுத்துக்கொள்ளும் மெமரிக்கு) இடம் ஒதுக்க முடியவில்லை' என்று தொடங்கும்போதே நின்றால் அது 32 பிட் ஜாவா. ஏபிகேடூலோடு வரும் பேட்ச் ஃபைல் 1024 எம்பி கேட்கிறது. அதை 512 ஆக்கிப் பாருங்கள். மாறாக, ஓடிக்கொண்டே இருந்து நடுவில் 'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்று நின்றால் அதே எண்ணை 2048 ஆக உயர்த்த வேண்டும். சேதியில் இரண்டிலும் 'ஹீப்' வரும், வைத்தியம் நேரெதிர்.

ஜிப்பாகப் பிரித்தேன், எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பை

ஏபிகே ஒரு ஜிப்தான். ஆனால் மேனிஃபெஸ்ட்டும் (ஆப்பைப் பற்றிய விவர ஃபைல்) லேஅவுட்டுகளும் (திரை அமைப்புகள்) உள்ளே எழுத்தாக இல்லை, பைனரியாக இருக்கின்றன. சொற்கள் எல்லாம் ரிசோர்சஸ் ஏஆர்எஸ்சி என்ற ஒரே அட்டவணையில் இருக்கும். ஏபிகேடூலின் வேலையே அந்த அட்டவணையை வாசித்து, எந்த எண் எந்தப் பெயர் என்று பொருத்தி, பழையபடி வேல்யூஸ் ஃபோல்டரும் ஸ்ட்ரிங்ஸ் எக்ஸ்எம்எல்லுமாக எழுதித் தருவது. ஜிப் பிரித்து வருவது அசெட்ஸ், ரா ஃபோல்டர்களில் உள்ளவற்றுக்கு மட்டும் போதும். படமோ ஒலியோ எழுத்துருவோ மட்டும் வேண்டுமென்றால் 7-ஜிப்பே போதும், ஜாவா எதற்கு?

பிரிக்கும்போது 'ஏற்கனவே இருக்கிறது, மேலெழுதவா' என்று 7-ஜிப் கேட்டால் 'ஆம்' சொல்லாதீர்கள். பெயர் சுருக்கப்பட்ட ஆப்புகளில் சின்ன எழுத்து 'ஏ'யும் பெரிய எழுத்து 'ஏ'யும் இரண்டு வெவ்வேறு ஃபைல்கள். விண்டோஸுக்கு அவை ஒன்றே. ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

சொற்களை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் ஏபிகேடூலின் டீகோட் (பிரிக்கும்) கட்டளையில் ஹைஃபன் எஸ் சேர்த்துவிடுங்கள். கோடு பக்கம் போகாமல், கோடு அடங்கிய டெக்ஸ் ஃபைலை அப்படியே வைக்கும். வேகமும் கூடும். அதைப் பிரித்தால் வரும் ஆயிரக்கணக்கான குட்டி ஸ்மாலி ஃபைல்களைப் பென் டிரைவில் எழுத வைத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. முடிந்தவரை அவுட்புட் ஃபோல்டரை கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலேயே, டிரைவின் மேல்மட்டத்தில், சின்னப் பெயரில் வையுங்கள். டெஸ்க்டாப்பில் நாலு ஃபோல்டருக்குள் வைத்தால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பில் இடித்து, சில ஃபைல் மட்டும் எழுதப்படாமல் போகும்.

ஏடிபியில் போன் தெரியவில்லை

கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்தான் பாதி நேரம் காரணம். அப்புறம் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ், அதில் யுஎஸ்பி டீபக்கிங். 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால் போன் திரையில் அனுமதிப் பெட்டி காத்துக்கொண்டிருக்கிறது.

டீகோட் சரியாக முடிந்தது, ஆனால் தமிழ் ஃபோல்டரையே காணோம்

இதில்தான் எனக்கு ஒரு முழு நாள் போனது. போனில் அந்த ஆப் தமிழில் ஓடுகிறது. கண்ணால் பார்க்கிறேன், 'சமநிலை' என்று எழுதியிருக்கிறது. ஏபிகேயைப் பிரித்தால் வேல்யூஸ் இருக்கிறது, தமிழுக்கான வேல்யூஸ்-டிஏ இல்லை. ஏபிகேடூல் தமிழை விட்டுவிட்டது என்றே நினைத்தேன். வேறு பதிப்பு போட்டேன், வேறு கருவி போட்டேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. நான் பிரித்தது ஆப்பின் ஒரு துண்டு.

2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் வரும் புதிய ஆப்புகள் ஆப் பண்டில் வடிவில்தான் ஏற்றப்பட வேண்டும். அந்த பண்டிலிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் அதற்கு வேண்டிய துண்டுகளை மட்டும் பிளே ஸ்டோர் அனுப்புகிறது: அடிப்படை பேஸ் ஏபிகே ஒன்று, பிராசஸருக்கு ஒன்று, திரை அடர்த்திக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று. தமிழ்ச் சொற்கள் இருப்பது 'ஸ்பிளிட் கான்ஃபிக் டிஏ' என்ற சின்னத் துண்டில். பேஸ் ஏபிகேயை மட்டும் எடுத்து வந்தால் அதில் தமிழ் எப்படி இருக்கும்?

ஏடிபி ஷெல்லில் பிஎம் பாத் கட்டளையோடு பேக்கேஜ் பெயரை (ஆப்பின் உள் பெயரை) கொடுங்கள். ஒரே வரி வந்தால் ஒற்றை ஏபிகே. நாலைந்து வரி வந்தால் துண்டுகள். வந்த எல்லாப் பாதைகளையும் ஏடிபி புல் மூலம் ஒரே ஃபோல்டரில் இறக்குங்கள். எக்ஸ்ஏபிகே, ஏபிகேஎஸ், ஏபிகேஎம் என்று முடியும் ஃபைல்களும் இந்தத் துண்டுகளைக் கட்டிய ஜிப் மூட்டைகளே. ஏபிகேடூல் அவற்றை நேரடியாகப் பிரிக்கவில்லை என்றால் அது இயல்பு.

துண்டுகளைப் பட்டியல் போட்டபோதும் தமிழ்த் துண்டு வரவில்லை என்றால் போனின் மொழிப் பட்டியலைப் பாருங்கள். அந்தப் போனில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் பிளே ஸ்டோர் ஆங்கிலத்தை மட்டுமே அனுப்பியிருக்கும். ஆபீஸ் போனில் எனக்கு இதுவும் நடந்தது: எடை போடும் இடத்துப் போன் தமிழில் இருந்தது, நான் கேபிள் மாட்டியது கணக்கப்பிள்ளையின் ஆங்கிலப் போன். செட்டிங்ஸில் தமிழையும் ஒரு மொழியாகச் சேர்த்துவிட்டு, ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்கினால் தமிழ்த் துண்டும் சேர்ந்து வரும்.

துண்டுகளை ஒட்ட ஏபிகே எடிட்டர் ஜார். எம் என்ற கட்டளை, ஹைஃபன் ஐ-க்குப் பிறகு துண்டுகள் உள்ள ஃபோல்டர், ஹைஃபன் ஓ-வுக்குப் பிறகு புதுப் பெயர். ஒரே ஏபிகே வெளியே வரும். அதன் பிறகு அதை ஏபிகேடூலில் பிரித்தால் வேல்யூஸ்-டிஏ தானாக நிற்கும். மேனிஃபெஸ்ட்டில் 'துண்டுகள் கட்டாயம்' என்று இருக்கும் குறிப்பையும் அது எடுத்துவிடும். அதைக் கையால் தேடி எடுப்பதைவிட இது நல்லது.

ஸ்ட்ரிங்ஸில் ஆப் பெயரைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே வேல்யூஸ் ஃபோல்டரிலேயே சொற்கள் இல்லை. லிப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். லிப்ஃப்ளட்டர் என்று ஒரு ஃபைல் இருந்தால் அது ஃப்ளட்டர் என்ற ஆப் செய்யும் கருவியில் செய்த ஆப். சொற்கள் பெரும்பாலும் கம்பைல் ஆகி லிப்ஆப் என்ற நேட்டிவ் ஃபைலுக்குள் போய்விட்டிருக்கும். சில ஆப்புகளில் மட்டும் மொழிபெயர்ப்பு ஜேசன் ஃபைல்களாக அசெட்ஸுக்குள் ஃப்ளட்டர் அசெட்ஸ் ஃபோல்டரில் இருக்கும்; இருந்தால் அதிர்ஷ்டம். ரியாக்ட் நேட்டிவ் என்ற இன்னொரு கருவியில் செய்தது என்றால் அசெட்ஸில் இண்டெக்ஸ் ஆண்ட்ராய்டு பண்டில் என்று ஒன்று இருக்கும். அதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் வாசிக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். குப்பையாக இருந்தால் ஹெர்மிஸ் பைட்கோடாக மாற்றப்பட்டிருக்கிறது. அசெட்ஸில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ ஃபோல்டர் இருந்தால் கார்டோவா வகை, சாதாரண வெப் பக்கம்தான், நேராகத் திருத்தலாம்.

ஃப்ளட்டர் ஆப்பில் சொற்கள் நேட்டிவ் ஃபைலுக்குள் போய்விட்டால், என் தீர்ப்பு: விட்டுவிடுங்கள். ரிசோர்ஸ் கருவிகளால் ஆகும் வேலை இல்லை அது. சோர்ஸ் கோடுக்காக ஆளைத் தேடுவதில் அந்த நேரத்தைச் செலவிடலாம்.

சொல் திரையில் இருக்கிறது, ஃபைலில் தேடினால் கிடைக்கவில்லை

தமிழுக்கே உரிய கோளாறு இது. இதைப் பற்றி யாரும் சொல்லித் தந்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'மொத்தம்' என்று தேடினேன். பூஜ்ஜியம். அதே ஃபைலை உருட்டிப் பார்த்தால் 118-ஆம் வரியில் 'மொத்தம்' கண்ணெதிரே இருக்கிறது. காரணம் 'மொ'. ஒகரத்தின் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி. தேடும் கருவிக்கு வேறு வேறு. ஓகாரத்துக்கும் இதே கதை. மொழிபெயர்த்தவர் ஒரு கீபோர்டில் அடித்திருக்கிறார், நான் வேறு கீபோர்டில் தேடுகிறேன், அவ்வளவுதான். அதனால் ஒகர, ஓகாரம் இல்லாத பகுதியைத் தேடுங்கள். 'த்தம்' என்று தேடியதும் எனக்குக் கிடைத்தது. திருத்தி எழுதும்போது ஒரே குறியாக அமையும் வடிவத்திலேயே எழுதுங்கள். அதுதான் பொது வழக்கம்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த ஜன்னலின் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்தால் நன்றாக இருக்கும்.

ஃபைலில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக அர்த்தமில்லாத வரிகள் இருந்து, போனில் மட்டும் அழகான தமிழ் தெரிந்தால், பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு முறையில் அடித்திருக்கிறார்கள். அசெட்ஸில் அந்த டிடிஎஃப் எழுத்துரு கூடவே இருக்கும். அந்த வரிகளில் யூனிகோடு தமிழை எழுதினால் திரையில் உடைந்து தெரியும். ஒன்று அதே முறையில் அடியுங்கள், இல்லையென்றால் எழுத்துருவையும் சேர்த்து மாற்றுங்கள்.

கடையில் ஓடுகிறது, மலை மேல் ஓடவில்லை

ஒரே பென் டிரைவ், ஒரே ஏபிகே, வேறு கம்ப்யூட்டர். சேலத்தில் சுத்தமாகப் பிரிந்தது, எஸ்டேட்டில் மறுபடி கட்டும்போது 'இந்தப் பண்புக்கு ரிசோர்ஸ் கிடைக்கவில்லை' என்று வரிசையாகத் தப்பு. போர்ட்டபிள் என்று நாம் சொன்னாலும் ஏபிகேடூல் ஒரு பொருளை கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு வரும்: ஆண்ட்ராய்டின் பொது ரிசோர்ஸ்கள் அடங்கிய ஃபிரேம்வொர்க் ஃபைல். 1 ஏபிகே என்ற பெயரில், விண்டோஸ் பயனரின் லோக்கல் ஆப்டேட்டாவில் ஏபிகேடூல் ஃபோல்டருக்குள் கிடக்கும். முன்பு எப்போதோ யாரோ பழைய ஏபிகேடூலை அந்த கம்ப்யூட்டரில் ஓட்டியிருந்தால் அந்தப் பழைய ஃபைலையே புதிய ஏபிகேடூலும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஃபைலை அழித்தால் புதிது தானாக உருவாகும். நிலையான வழி, டீகோட், பில்ட் (மறுபடி கட்டும்) இரண்டு கட்டளையிலும் ஹைஃபன் பி ('பாத்' என்பதன் பி) கொடுத்து, பென் டிரைவிலேயே ஒரு ஃபோல்டரை ஃபிரேம்வொர்க்குக்கு ஒதுக்குவது. அதன் பிறகு எந்த கம்ப்யூட்டரில் செருகினாலும் ஒரே விடை.

போன் கம்பெனியின் சொந்த சிஸ்டம் ஆப்பைப் பிரிக்கும்போது 'பேக்கேஜ் ஐடிக்கான ஃபிரேம்வொர்க் இல்லை' என்று வந்தால், அந்தப் போனின் ஃபிரேம்வொர்க் ரெஸ் ஏபிகேயைப் போனிலிருந்தே எடுத்து ஐஎஃப் கட்டளையால் சேர்க்க வேண்டும். சாதாரண ஆப்புகளுக்கு இது வேண்டியதில்லை. 'எதிர்பார்த்தது ஒரு எண், கிடைத்தது வேறு எண்' என்ற வகைத் தப்பு பெரும்பாலும் கருவி பழையது என்பதன் அடையாளம்; ஆண்ட்ராய்டு அட்டவணையின் வடிவத்தை அவ்வப்போது மாற்றுகிறது.

இன்னொன்று: பில்ட் செய்யும்போது ஏபிகேடூல் தன் ஜாருக்குள் இருக்கும் ஏஏபிடி2 எக்ஸ்இயை (ரிசோர்ஸ்களைக் கட்டும் கருவி) டெம்ப் ஃபோல்டரில் எடுத்து வைத்து ஓட்டும். ஆன்டிவைரஸ் அதைப் பார்த்ததும் தூக்கிவிடும். 'ஓட்ட முடியவில்லை' என்று டெம்ப் ஃபோல்டரின் பெயரோடு ஒரு வரி வந்தால் இதுதான். பென் டிரைவில் ஓர் ஏஏபிடி2-வைத் தனியாக வைத்து, ஏஏபிடி விருப்பத்தில் அதன் பாதையைக் கொடுங்கள். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு வேலை பார்க்காதீர்கள், அது அடுத்தவர் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டர்.

திருத்தினேன், மறுபடி கட்டினால் தோல்வி

கடைசி வரியைப் பார்க்காதீர்கள், அது ஜாவாவின் புலம்பல். மேலே உருட்டி, ஃபைல் பெயரும் வரி எண்ணும் உள்ள முதல் வரியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் நீங்கள் கடைசியாகத் தொட்ட வரியாகத்தான் இருக்கும்.

ஒற்றை மேற்கோள் குறி இருந்தால் அதற்கு முன் பின்சாய்வுக் கோடு வேண்டும். 'அண்டு' குறியை அப்படியே எழுதக் கூடாது. விழுக்காட்டுக் குறியோடு வரும் இடங்கள்தான் அதிகம் சிக்கல் தரும். 'கந்தனுக்கு 42 கிலோ' என்று திரையில் வர, ஃபைலில் பெயர் வரும் இடமும் எண் வரும் இடமும் குறிகளாக இருக்கும். தமிழில் சொல் வரிசை மாறும். அதனால் வெறும் விழுக்காடு-எஸ் (பெயருக்கு), விழுக்காடு-டி (எண்ணுக்கு, 'டெசிமல்' என்பதன் டி) என்று எழுதாமல், விழுக்காட்டுக் குறிக்குப் பின் 1, டாலர் குறி, அப்புறம் எஸ். இரண்டாவதற்கு 2, டாலர் குறி, டி என்று எண்ணிட்டு எழுதுங்கள். அப்போது எண் முன்னால் வந்தாலும் பெயர் முன்னால் வந்தாலும் சரியாக உட்காரும். எஸ் இருந்த இடத்தில் டி போட்டுவிட்டால் பில்ட் ஒன்றும் சொல்லாது. அந்தத் திரையைத் திறக்கும்போது ஆப் மூடிக்கொள்ளும். குறியையே விட்டுவிட்டால் இன்னும் மோசம். ஆப் ஓடும், எண் மட்டும் தெரியாது. கூலி காட்டும் வரியில் அது நடந்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய விண்டோஸின் நோட்பேடில் திருத்தி, ஆன்சி என்று சேமித்துவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். அது திரும்பி வராது. திருத்தும் முன் அந்த ஒரு ஃபைலை நகல் எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

கட்டி முடித்தேன், போனில் ஏறவில்லை

'ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை' என்று போன் சொல்வதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஏடிபி இன்ஸ்டால் கொடுங்கள். அது காரணத்தைச் சொல்லும்.

சான்றிதழ் இல்லை என்றால், ஏபிகேடூல் கையொப்பம் போடாது, அதை நாம்தான் போட வேண்டும். 'ஆர், அதற்கு மேல் என்றால் ரிசோர்சஸ் ஏஆர்எஸ்சி சுருக்கப்படாமல் 4 பைட் எல்லையில் இருக்க வேண்டும்' என்று வந்தால், அது ஆண்ட்ராய்டு 11 கொண்டு வந்த விதி. ஜிப்அலைன் (ஃபைல்களை அந்த எல்லைக்கு அடுக்குவது) செய்யாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது வேறு ஜிப் கருவியால் திறந்து மூடியிருக்கிறீர்கள். வரிசை முக்கியம்: முதலில் ஜிப்அலைன், அப்புறம் ஏபிகேசைனர். ஊபர் ஏபிகே சைனர் இரண்டையும் சரியான வரிசையில் தானே செய்துவிடும்.

'மிஸ்ஸிங் ஸ்பிளிட்' என்றால் பேஸை மட்டும் ஏற்றப் பார்க்கிறீர்கள். ஒட்டி ஏற்றுங்கள், அல்லது எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே சாவியில் கையொப்பம் போட்டு இன்ஸ்டால் மல்டிபிள் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 14 போனில் 'டெப்ரிகேட்டட் எஸ்டிகே' என்றால் ஆப்பின் டார்கெட் எஸ்டிகே (எந்த ஆண்ட்ராய்டுக்காகச் செய்தது என்று சொல்லும் எண்) 23-க்கும் கீழே இருக்கிறது.

'அப்டேட் இன்கம்பாட்டிபிள்' என்பதை மட்டும் அவசரப்படாமல் கையாளுங்கள். பழைய ஆப்பின் கையொப்பமும் உங்கள் கையொப்பமும் வேறு; பழையதை நீக்கினால்தான் புதியது ஏறும். நீக்கினால் அதில் பதிந்த கணக்கும் சேர்ந்து போகும். முதல் முறை நான் நீக்கிவிட்டேன். ஆறு நாள் எடைக் கணக்கு போய்விட்டது. மேஸ்திரி தன் பழக்கப்படி நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அன்று இரவு அவர் வரி வரியாக வாசிக்க, நான் ஒவ்வொன்றாகப் பதிந்தேன். ஆப்பில் எக்ஸ்போர்ட் இருந்தால் முதலில் அதை எடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட்டாவது எடுங்கள். கணக்கு வெளியே வராமல் நீக்கு பட்டனைத் தொடாதீர்கள்.

ஏறியது, ஆனால் திறந்ததும் மூடுகிறது, அல்லது மேப் வெறுமையாக இருக்கிறது

மேப் வெறுமை, கூகுள் சைன் இன் தோல்வி இரண்டும் ஒரே காரணம்: அந்தச் சேவைகளின் சாவி பழைய கையொப்பத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. எஸ்டேட்டின் பெயரில் புதுச் சாவி வாங்கிப் போட வேண்டும். திறந்ததுமே மூடிக்கொண்டால், போனின் பதிவுகளைக் காட்டும் ஏடிபி லாக்கேட் ஓட்டி, ஃபேட்டல் என்ற சொல்லைத் தேடுங்கள். உங்கள் திருத்தத்தில் தப்பா என்று தெரிந்துகொள்ள ஒரு சுருக்கு வழி: ஒரு எழுத்தும் மாற்றாமல் பிரித்து, கட்டி, கையொப்பமிட்டு ஏற்றுங்கள். அதுவும் மூடினால் திருத்தத்தில் குறை இல்லை. ஆப் தன் கையொப்பத்தைத் தானே சோதிக்கிறதோ என்று பாருங்கள். சோதனையைக் கோடிலிருந்து பிடுங்குவது ரிசோர்ஸ் வேலை இல்லை. உரிமையாளரிடம் திரும்பிப் போய்ப் பேச வேண்டிய இடம் அது.

நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஊபர் ஏபிகே சைனர் ஒரு டீபக் சாவியால் கையொப்பமிடும். சோதனைக்கு அது போதும். ஆட்கள் பயன்படுத்தும் போன்களுக்கு ஜாவாவோடு வரும் கீடூலில் சொந்தச் சாவி ஒன்று உருவாக்கி அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். அந்தச் சாவி தொலைந்தால், அடுத்த முறை ஒரு சொல்லைத் திருத்தினாலும் எல்லாப் போன்களிலும் நீக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். நாங்கள் எடுத்த நகல்கள் இரண்டு: ஒன்று என் கடையில், இன்னொன்று எஸ்டேட் ஆபீஸ் பீரோவில், பாஸ்வேர்டு எழுதிய சீட்டு தனியாக, முதலாளியிடம்.